வாசலில் ஒரு செருமல்

கோவை கணபதியில் மோட்டார் வைண்டிங் கடைக்குப் பின்னால் ஓர் ஒலிப்பதிவு அறை இருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளிங்கிரி அங்கே வந்தார். பாட வரவில்லை. இனிமேல் பாடமாட்டேன் என்று சொல்ல வந்தார்.

நாகமணி அறுந்துபோன கேபிள் ஒன்றுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா. சுடுதண்ணி குடிச்சீங்களா?"

"நான் இதோட நின்னுக்கறனுங்க அம்மணி."

"உக்காந்து சொல்லுங்க."

வெள்ளிங்கிரி உட்காரவில்லை. வாசல் பக்கமாகவே நின்றார். அவருக்கு வயது நாற்பத்தேழு. பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். அவருடைய குருவும் இந்த அறையை நடத்துகிறவருமான நாகமணிக்கு முப்பத்திரண்டு. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிற டீச்சர். இப்போது கோடை விடுமுறை. அந்தச் சின்ன உருவத்துக்குள்ளிருந்து எப்படிப்பட்ட குரல் வரும் என்பது பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பெற்றோர் கூட்டத்தில் விசாரணை வைப்பார்கள்.

வெள்ளிங்கிரியின் இசைக்குழுவுக்குத் 'துரு' என்று பெயர். டெத் மெட்டல், கிரஸ்ட் பங்க் என்கிற இரண்டு முரட்டு ராக் இசைகளைக் கலந்து வாசிக்கிறவர்கள். தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், முதலாவதில் விரல் பிசகவே கூடாது. இரண்டாவதில் மெருகு இருக்கவே கூடாது. இரண்டையும் ஒரே பாட்டில் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கிட்டார் பெடலில் இருக்கிற குமிழ்களை எல்லாம் கடைசி வரை திருகிவிட்டால் மரம் அறுக்கிற மில்லின் சத்தம் வரும். அதற்கு அடியில் வெள்ளிங்கிரியின் பாஸ் கிட்டார் தரையை அதிரவைக்கும். டிரம்ஸ் ஒரு நிமிடத்துக்கு இருநூறு அடி ஓடும். இதற்கெல்லாம் மேலே இருக்கிறவன் பாடமாட்டான். உறுமுவான்.

உறுமிக்கொண்டிருந்தவன் ஏழு பாட்டு முடித்துவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆல்பத்தில் மொத்தம் எட்டு. எட்டாவது பாட்டை எழுதியவர் வெள்ளிங்கிரி. "எழுதினவரே பாடட்டும்" என்று மற்ற இருவரும் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரமாக அவர் நாகமணியிடம் கற்றுக்கொண்டு வந்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன ஞாயிற்றுக்கிழமை வரை.

"என்னாச்சு?" என்றார் நாகமணி.

"வீட்ல குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டுப் பாடிப் பார்த்தனுங்க. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, நாய்க்கு உடம்பு சரியில்லைங்களான்னு கேட்டுட்டுப் போனாரு."

"கேக்கத்தான் செய்வாங்க. அதுக்கா நிறுத்தறீங்க?"

"வெளிய வந்தா பாப்பாவைக் காணலீங்க."

அவர் மகள் மகிழினிக்கு ஒன்பது வயது. ஹாலில் இல்லை, மொட்டை மாடியில் இல்லை. எதிர்வீட்டில் கேட்டார், அங்கேயும் இல்லை. கடைசியில் சமையலறையில் அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, இருக்கிற இடம் தெரியாமல் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அங்க என்ன கண்ணு பண்றேன்னு கேட்டனுங்க. ஒண்ணுமில்லப்பான்னு சொன்னா. வெளிய வரல. நான் அந்தப் பக்கம் போனப்புறம்தான் வந்தா."

"அப்புறம்?"

"நாலு நாளாச்சுங்க. நான் தொண்டையைச் செருமினாப் போதும், எழுந்து அவங்கம்மாகிட்டப் போயிடறா."

நாகமணி சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்தார்.

"அந்த மாதிரி மறைஞ்சுக்கற இடம் உங்களுக்குப் புதுசுங்களா?"

இந்தக் கேள்விக்குத்தான் வெள்ளிங்கிரி நான்கு நாளாகப் பயந்துகொண்டிருந்தார்.

"இல்லீங்க," என்றார். "எங்க வீட்டுல அது நெல்லு குதிர். அதுக்குப் பின்னாலதான் என் இடம்."

அவருடைய அய்யன், அதாவது அப்பா, இறந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. வேலை விட்டு வந்ததும் வாசலில் நின்று ஒருமுறை செருமுவார். அவ்வளவுதான். வீட்டில் இருக்கிற பேச்செல்லாம் அந்த நொடியே அடங்கிவிடும். அதற்குப் பிறகு வருகிற குரலைத் தெருமுனை வரை கேட்கலாம். குரலுக்குப் பிறகு கை வரும். எட்டாவது பாட்டு அதைப் பற்றித்தான்.

"அந்தக் குளியலறையில எனக்குக் கேட்ட குரல் என் குரல் இல்லீங்க அம்மணி. எங்கய்யன் குரல். அச்சு அசல். இத்தனை வருசம் நான் ஒரு அதட்டல் போட்டதில்லை. பட்டறையில கூட என்னை ஊமையன்னுதான் கூப்பிடுவாங்க. அது உள்ள கிடந்திருக்குது. நான்தான் தட்டி எழுப்பீட்டேன்."

நாகமணி சூட்டுக்கோலின் பிளக்கைப் பிடுங்கினார்.

"எழுந்தது மறுபடி படுக்குமுங்களா?"

நாகமணி எழுந்து கணினியைப் போட்டார்.

"எட்டாவது பாட்டை ஓட விடறேன். வீட்ல பாடுன மாதிரியே ஒரு தடவை பாடுங்க. அப்புறம் நிறுத்தறதைப் பத்திப் பேசலாம்."

"வேண்டாமுங்க."

"இங்க நானும் நீங்களும்தான். எனக்குப் பயமில்லை."

அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. யார் கையைத் தூக்கினாலும் வாசிக்கிறவர் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். காதில் ஹெட்போன் மாட்டி, அதற்குள் அவ்வளவு சத்தம் ஓடும்போது வாயால் சொல்லி யாருக்கும் கேட்காது. காதைத் துளைக்கிற கீச்சு வந்தாலும், யாருக்காவது நெஞ்சை அடைத்தாலும், கை ஒன்றுதான் வழி.

வெள்ளிங்கிரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மைக்குக்கு முன் நின்றார். சுவரெல்லாம் பழைய இலவம்பஞ்சு மெத்தைகள். வெளியே பஸ் ஹாரன் அடித்தாலும் உள்ளே வராது. ஹெட்போனை மாட்டினார். பாட்டு தொடங்கியது.

முதலில் கிட்டாரின் இரைச்சல் மட்டும். சுருதி இல்லை, தாளம் இல்லை. மின்சாரம் சும்மா நின்றுகொண்டிருக்கிற சத்தம். ஏதோ வரப்போகிறது, எப்போது என்று தெரியாது. பிறகு அவருடைய பாஸ், ஒரே சுரத்தில் நான்கு அடி. படியேறி வருகிற கால்கள் அவை. அவரே அப்படித்தான் வாசித்திருந்தார், ஒவ்வொரு அடியும் முந்தியதைவிட ஒரு மயிரிழை தாமதமாக. பிறகு டிரம்ஸ் எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டு வந்தது. அதற்கப்புறம் இரண்டு நிமிடத்துக்கு அவர் குரலுக்கான இடம் வெற்றாக விடப்பட்டிருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாயைத் திறந்தார்.

வாசலில் ஒரு செருமல்.
விளக்கின் திரி உள்ளே போகிறது.
பானைகள் மூச்சை அடக்குகின்றன.
அம்மாவின் கை மேலே எழுகிறது.
எழுந்த கை எழுந்தபடியே...

கழுத்து நரம்பு புடைத்தது. தொண்டைக்குள் மணல்தாள் போட்டுத் தேய்த்தது போல எரிந்தது. அவர் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்றே தோன்றவில்லை. அதுதான் அவருக்குப் பிற்பாடு நடுக்கத்தைத் தந்தது. உள்ளே எங்கோ ஒரு மூலையில் அது நன்றாக இருந்தது.

பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தார். கண்ணாடிக்குப் பின்னால் நாகமணி கையைத் தூக்கியபடி நின்றிருந்தார். தூக்கிய கை வலித்ததால் இன்னொரு கையால் முட்டுக்கொடுத்திருந்தார்.

வெள்ளிங்கிரி ஹெட்போனைக் கழற்றிவிட்டு இந்தப் பக்கம் வந்தார்.

"எப்ப இருந்துங்க?"

"ரெண்டாவது வரியில இருந்து."

"நான் பார்க்கலீங்க."

"கண்ணை மூடியிருந்தீங்க."

வெள்ளிங்கிரி பின்பக்கம் போய்த் தொட்டியில் துப்பினார். எச்சிலில் நூல் போலச் சிவப்பு. நாகமணி ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் சொல்லிக்குடுத்தது இதுங்களாண்ணா?"

"இல்லீங்க. நீங்க சொன்னது வயித்து மூச்சுல சின்னதா உறுமறது. ஆனா வீட்ல அப்படிப் பாடினா சத்தம் பத்தலீங்க. அங்க மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. ஆல்பத்துல கேக்கற அளவுக்கு வரோணும்னு தம் புடிச்சுக் கத்தினேன்."

இந்த மாதிரிப் பாட்டுக்குப் புதிதாக வருகிற ஆள் ஒருவர் பாக்கியில்லாமல் செய்கிற தவறு இது. நாகமணி அதைச் சொல்லவில்லை.

"சனிக்கிழமை காலையில வாங்க," என்றார். "பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

"அய்யோ, வேண்டாமுங்க."

"கூட்டிட்டு வாங்க."

"அவளைப் பயமுறுத்தறதுக்குங்களா?"

"அவ ஏற்கெனவே பயந்துதானே இருக்கறா."

வெள்ளிக்கிழமை முழுக்க வெள்ளிங்கிரி வீட்டில் வாய் திறக்கவில்லை. தொண்டையில் ஏதாவது அடைத்தால் கொல்லைப்புறம் போய்த் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு செருமினார். சாப்பாடு போதும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டினார். மகிழினி தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவின் அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பாத்திரம் கழுவும்போது அவர் மனைவி சுகந்தி திரும்பாமலே சொன்னாள்.

"நீங்க கத்துனதுகூடப் பரவாயில்லீங்க. இப்படிப் பேசாம இருக்கறதுதான் எனக்கே பயமா இருக்குது."

அய்யனும் அப்படித்தான். கத்தாத நாட்களில் பேசவே மாட்டார். அந்த நாட்கள்தான் இன்னும் மோசம்.

சனிக்கிழமை காலை ஸ்கூட்டரில் மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழக்கமாக அவள் இரண்டு கையாலும் அவர் வயிற்றைக் கட்டிக்கொள்வாள். இன்று பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிக்னலில் லாரி ஒன்று கிளப்பிய புழுதி தொண்டையில் ஏறியது. எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. செருமிவிட்டார்.

சீட்டில் அவருக்குப் பின்னால் இருந்த சிறிய கனம் பின்னுக்கு நகர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

நாகமணி மகிழினிக்கு ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் தலையணை வைத்து உட்காரவைத்தார்.

"பேரு என்ன?"

"மகிழினி, மிஸ்."

"நான் மிஸ்ஸுன்னு யாரு சொன்னாங்க?"

"பார்த்தாத் தெரியுது, மிஸ்."

"சரி. இப்ப நான் ஒரு சத்தம் போடுவேன். பயமா இருந்தா கையைத் தூக்கு."

நாகமணி அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தி, வயிற்றில் மூச்சை வாங்கினார். வாயை லேசாகத் திறந்தார். ஓர் உறுமல் வந்தது. கனமான உறுமல்தான், ஆனால் சின்னது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற அளவுக்குக்கூட இல்லை. கழுத்தில் ஒரு நரம்பு அசையவில்லை.

மகிழினி கையைத் தூக்கவில்லை. உன்னிப்பாகப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா, மிஸ்?"

"இவ்வளவுதான். இப்ப இதை மாட்டிக்கோ."

அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, நாகமணி மைக்கைத் தன் பக்கம் இழுத்து, அதே உறுமலை அதே அளவில் உறுமினார். மகிழினி முக்காலியிலிருந்து துள்ளினாள். கை விர்ரென்று மேலே போனது. நாகமணி அந்த நொடியே நிறுத்தினார்.

மகிழினி ஹெட்போனைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்தாள். நாகமணியின் வாயைப் பார்த்தாள். மறுபடி ஹெட்போனைப் பார்த்தாள்.

"பெருசாக்கறது இதுதானா?"

"இதுதான். இந்தக் குமிழைப் பாரு. இந்தப் பக்கம் திருகினா அப்பா சத்தம் ஏறும். அந்தப் பக்கம் திருகினா இறங்கும். முழுசாத் திருகினா சுத்தமாக் கேக்காது. இன்னைக்கு இது உன் கையில."

மகிழினி குமிழைத் தொட்டாள். உடனே விட்டுவிட்டாள்.

"வேண்டவே வேண்டாம்னா கையைத் தூக்கு. அப்பா நிறுத்தோணும்."

இதற்குள் வெள்ளிங்கிரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்குக்கு முன் நின்றுவிட்டார். இந்தப் பக்கம் பேசுவது அவர் ஹெட்போனில் துல்லியமாகக் கேட்டது. மகளின் அடுத்த கேள்வியும் கேட்டது.

"நிறுத்தலைன்னா, மிஸ்?"

நாகமணி கண்ணாடி வழியாக வெள்ளிங்கிரியைப் பார்த்தார்.

"அதை உங்கப்பாகிட்டத்தான் கேக்கோணும்."

மகிழினி கேட்கவில்லை. வியாழக்கிழமை நாகமணியின் கை எட்டு, பத்து வரி நேரம் மேலே நின்றது. வெள்ளிங்கிரி பார்க்கவே இல்லை. இன்று மகளின் கையும் அப்படி நின்றால்? அதைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவளே பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் ஆயுசுக்கும் என்ன சொல்லி அவளை அந்த டிரம்முக்குப் பின்னாலிருந்து வெளியே அழைப்பது? ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார்.

"அண்ணா," என்றது நாகமணியின் குரல். "கண்ணைத் திறந்து வெச்சுக்கோங்க. வேற ஒண்ணும் சொல்லமாட்டேன்."

இரைச்சல் தொடங்கியது. நான்கு அடிகள் படியேறி வந்தன. டிரம்ஸ் உடைத்துக்கொண்டு வந்தது.

அவர் கண்ணை அகல விழித்துக்கொண்டு வயிற்றில் மூச்சை வாங்கினார்.

வாசலில் ஒரு செருமல்.

சின்னதாகத்தான் வந்தது. நாகமணி சொல்லிக்கொடுத்த அளவு. மைக் அதை வாங்கி, கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் சமமாகத் தூக்கிப்பிடித்தது. இரண்டாவது வரியும் அப்படியே வந்தது. மகிழினி குமிழைப் பாதிக்குக் குறைத்து வைத்திருந்தாள். அவர் பார்த்தார். மூன்றாவது வரியில் அதைக் கொஞ்சம் ஏற்றினாள்.

நான்காவது வரி வந்தது. அம்மாவின் கை.

அவருடைய அம்மா அடி வாங்குகிறவள் போலக் கையைத் தூக்கமாட்டாள். போதும் என்று சொல்கிறவள் போல, உள்ளங்கையைக் காட்டி, தோளுக்கு மேலே ஒரு சாண் தூக்குவாள். குதிருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் அந்தக் கை மட்டும்தான் தெரியும். அந்தக் கையை இத்தனை வருடம் கழித்து வார்த்தையாகச் சொல்லும்போது மூச்சு வயிற்றில் நிற்கவில்லை. தொண்டைக்கு ஏறிவிட்டது.

அப்புறம் அவர் பாடவில்லை. கத்தினார். ஐந்தாவது வரியை அய்யனின் குரல் எடுத்துக்கொண்டது. மெத்தை போட்ட சுவரையும் மீறி அது கண்ணாடியில் மோதியது. குமிழ் இருந்தும் பயனில்லை. ஹெட்போன் இல்லாமலே அது மகிழினிக்குக் கேட்டிருக்கும்.

கண் திறந்திருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தார். அவள் குமிழை விட்டாள். தோள் இரண்டும் காதுவரை ஏறின. கண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. பெரிய ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் போய் நின்றது. அளவு பார்க்கிறாள், நுழைய முடியுமா என்று. வெள்ளிங்கிரிக்கு அந்தப் பார்வையைத் தெரியும்.

பிறகு அவள் கை எழுந்தது. முழுசாகக்கூட எழவில்லை. காதுவரை வந்து, போகலாமா வேண்டாமா என்று பாதியில் நின்றது. உள்ளங்கை அவரைப் பார்த்திருந்தது.

எழுந்த கை எழுந்த—

வார்த்தை வாய் நிறைய இருந்தது. பின்னால் மூச்சு முழுசாக முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் சொல்ல வேண்டும், இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று உடம்பு முழுக்கத் தள்ளியது.

வெள்ளிங்கிரி வாயை மூடினார்.

பல் பல்லில் மோதிய சத்தம் அவருக்கே கேட்டது. டிரம்ஸ் தன்பாட்டுக்கு ஓடியது. கிட்டார் அறுத்துக்கொண்டிருந்தது. பாஸ், அவருடைய விரல்தான் அது, குரல் இல்லாத இடத்தில் தனியாக நடந்தது. நான்கு விநாடி, ஐந்து விநாடி. அவர் மூடிய வாயோடு, கண்ணைத் திறந்தபடி நின்றார். மூச்சு மூக்கு வழியாக மெல்ல மெல்ல வெளியேறியது. நாகமணி பாட்டை நிறுத்தவில்லை. அது முடிகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

மகிழினி அவரைப் பார்க்கவில்லை. தூக்கிய தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது.

"இன்னொரு தடவை," என்றாள் மகிழினி.

மறுபடி தொடங்கியது. இந்த முறை முதல் வரியிலேயே, எந்தக் காரணமும் இல்லாமல், கையைத் தூக்கினாள். அவர் நிறுத்தினார். மூன்றாவது முறை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தூக்கினாள். அவர் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு மீன் போல நின்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாளுக்குப் பிறகு, இல்லை, ஆறு நாளுக்குப் பிறகு அவர் கேட்கிற சிரிப்பு. அவருக்குக் கண் கலங்கியது. வியர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டார்.

நான்காவது முறை அவள் கையைத் தூக்கவில்லை. இரண்டு கையாலும் குமிழைப் பிடித்துக்கொண்டு, லாரி ஓட்டுகிறவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு, ஏற்றியும் இறக்கியும் அப்பாவை ஓட்டினாள். வெள்ளிங்கிரி மூச்சிலேயே நின்று பன்னிரண்டு வரியையும் முடித்தார். ஒரு வார்த்தை பிசகவில்லை. டிரம்ஸோடு ஒட்டி, பாஸின் ஒவ்வொரு அடியிலும் கால் வைத்து, கடைசி வரி கிட்டாரின் இரைச்சலுக்குள் கரைந்தது. தொட்டியில் துப்பிப் பார்த்தார். எச்சில் வெள்ளையாக இருந்தது.

மதியம் ஆகிவிட்டது. மகிழினி வைண்டிங் கடையில் செம்புக் கம்பி சுற்றுவதை வேடிக்கை பார்க்கப் போனாள். போகும்போது, "அப்பா, போலாம்னா ஒரு செருமு செருமுங்க, வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிங்கிரி நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று நாளில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அப்போதுதான்.

நாகமணி எட்டாவது பாட்டின் கோப்பைத் திறந்து, அன்று பதிவான நான்கில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அழித்தார். வெள்ளிங்கிரி திரையை எட்டிப் பார்த்தார். பதறிப்போனார்.

"அம்மணி, தப்பா அழிச்சுட்டீங்க. நாலாவதைத்தானுங்க வெச்சிருக்கோணும்."

"தப்பா அழிக்கலீங்கண்ணா."

"இது மொதல் தடவை பாடினதுங்க."

"ஆமா."

"அதுல நான் கத்தியிருக்கேன். எங்கய்யன் குரல் அப்படியே இருக்குது."

"இருக்குது."

"பாதி வார்த்தையில நின்னு வேற போச்சு. அப்புறம் வெறும் டிரம்ஸு ஓடுது. கேக்கறவங்க பாடறவன் வரியை மறந்துட்டான்னு சிரிப்பாங்க. ஆல்பமே கெட்டுப்போகுமுங்க."

நாகமணி மேசையிலிருந்து பாட்டு எழுதிய தாளை எடுத்தார். நான்காவது வரியில் விரலை வைத்து, அவர் பக்கம் திருப்பினார்.

"உங்கம்மா கை தூக்கினாங்களே. உங்கய்யன் நின்னாருங்களா?"

வெள்ளிங்கிரி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைப் பக்கமிருந்து மகளின் பேச்சுக்குரல் கேட்டது. யாரையோ விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நிக்கலீங்க," என்றார்.

"இதுல அந்தக் குரல் நின்னிருக்குதுங்கண்ணா."